வாக்குச்சீட்டில் 2, 3 எதற்கு? இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் திருத்த வேண்டியது என்ன

அக்காவின் மகன் போன கிழமை மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டான். "2024இல் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42 வீதம்தான் கிடைத்தது. பாதிகூட வரவில்லை. பிறகு விருப்பு வாக்கை எண்ணி வென்றுவிட்டார் என்றார்கள். இது நியாயமான முறையா? பிரான்ஸ் மாதிரி இரண்டாம் சுற்று வைத்தால் என்ன? இல்லாவிட்டால் ஜனாதிபதி முறையையே எடுத்துவிடலாம்தானே?"

அவனுக்கு அதுதான் முதல் வாக்கு. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிக் கடமைக்குப் போனவன். வட்ஸ்அப்பில் நாலு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் முறை பிழையான முறை இல்லை. நல்ல முறை, ஆனால் பாதி கட்டி விட்ட வீடு மாதிரி நிற்கிறது. இடித்துவிட்டு வேறு கட்டத் தேவையில்லை, கூரையைப் போட்டால் போதும். அது எப்படி என்று சொல்ல, முதலில் முறையையே கொஞ்சம் விளக்க வேண்டும். வாக்களித்த பலருக்கே அது தெரியாது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரைதான் இதற்கு அடிப்படை. மூன்று பேருக்கு மேல் போட்டியிட்டால், வாக்காளர் தன் முதல் தெரிவுக்கு 1 என்று போட்டு, விரும்பினால் இன்னொருவருக்கு 2, வேறொருவருக்கு 3 என்றும் போடலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. எவரும் எடுக்காவிட்டால், முதல் இரண்டு இடங்களில் நிற்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் ஒரேயடியாக நீக்குவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை எடுத்து, 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். எஞ்சிய இருவரில் ஒருவருக்கு என்றால் அவரோடு சேரும். இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் அந்த இருவருக்கு இல்லையென்றால் அந்தச் சீட்டு அங்கேயே நின்றுவிடும். கடைசியில் இருவரில் யாருக்குக் கூடுதலோ அவரே ஜனாதிபதி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு இடத்தில் வந்தவர்களின் சீட்டுகளில் உள்ள 2ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. "நான் இன்னொருவருக்கு 2 போட்டால் என் ஆளின் வாக்கு குறையும்" என்று ஊரில் சொல்லும் பயத்துக்கு அடிப்படையே இல்லை. உங்கள் ஆள் போட்டியில் நிற்கும்வரை உங்கள் சீட்டு அவருடையதுதான். அவர் வெளியே போன பிறகுதான் 2க்கு வேலை.

இந்த ஏற்பாடு 1982 தேர்தல் முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1982, 1988, 1994, 1999, 2005, 2010, 2015, 2019 என்று எட்டுத் தேர்தல்களிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டார். இரண்டு தடவை மட்டும் மயிரிழை. 1988இல் ரணசிங்க பிரேமதாச எடுத்தது 50.43 வீதம், பாதிக்கு மேல் அவருக்கு இருந்தது 22 ஆயிரம் வாக்குகூட இல்லை. 2005இல் மகிந்த ராஜபக்சவுக்கு 50.29 வீதம், பாதிக்கு மேல் 28 ஆயிரத்துச் சொச்சம். அந்த இரண்டு தடவையும் தராசு கொஞ்சம் இந்தப் பக்கம் சரிந்திருந்தால் இந்த முறையை நாடு அப்போதே பழகியிருக்கும். பழகவில்லை. 42 வருடமாக ஒரு தடவையும் எண்ணப்படாத 2க்கும் 3க்கும் மக்கள் மனதில் என்ன மதிப்பு இருக்கும்?

சரி, 2024க்கு வருவோம். செப்டெம்பர் 21ஆம் திகதி வாக்களிப்பு. வாக்குச்சீட்டு இரண்டு அடிக்கும் கூடிய நீளம். போட்டியில் 38 பேர் இருந்தார்கள். வேட்புமனு கொடுத்தபின் இறந்துபோன ஒருவருடைய பெயரும் சேர்ந்து சீட்டில் 39 பெயர்கள். முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 56 இலட்சத்து 34,915. சஜித் பிரேமதாச 43 இலட்சத்து 63,035. ரணில் விக்கிரமசிங்க ஏறக்குறைய 23 இலட்சம். நாமல் ராஜபக்ச 3 இலட்சத்து 42 ஆயிரம். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 2 இலட்சத்து 26 ஆயிரம். எவருக்கும் பாதி இல்லை. மறுநாள் தேர்தல் ஆணைக்குழு இரண்டாவது எண்ணிக்கையை அறிவித்தது. நாட்டின் வரலாற்றில் முதல் தடவை.

நீக்கப்பட்ட 36 பேருக்கும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால் 33 இலட்சத்து 21,666 வரும். அந்த 33 இலட்சம் சீட்டுகளில் 2 அல்லது 3 மூலம் அநுரவுக்குப் போனது 1,05,264. சஜித்துக்குப் போனது 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரம், நூற்றுக்கு எட்டு. மற்ற 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள், யார் ஜனாதிபதி என்ற கடைசிக் கேள்விக்கு ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிவிட்டன. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசமோ 12 இலட்சம்தான்.

அதனால் வந்ததுதான் அந்தச் சங்கடமான கணக்கு. இருவருக்கும் இடையே மட்டும் பார்த்தால் அநுரவுக்கு 55.89 வீதம். நாடு முழுவதும் விழுந்த செல்லுபடியான வாக்குகளோடு பார்த்தால் 43 வீதம். இரண்டும் சரியான எண்கள். சட்டப்படி முதலாவதுதான் முடிவு. ஆனால் ஊரில் பேசப்படுவது இரண்டாவது. என் மருமகனின் கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது.

இங்கே நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படி இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த சீட்டுகளில் 61 வீதத்துக்குச் சற்று மேல் சஜித்துக்கும் மற்றவை அநுரவுக்கும் போயிருக்கின்றன. ஒதுங்கிப்போன 30 இலட்சம் பேரும் 2 போட்டு, இதே விகிதத்தில் பிரிந்திருந்தால்? சஜித்துக்கு ஏறக்குறைய 64 இலட்சம், அநுரவுக்கு 69 இலட்சம். அப்போதும் அநுரதான் ஜனாதிபதி. ஆனால் மொத்த செல்லுபடியான வாக்கில் 52 வீதத்தோடு. 2 போட்டவர்கள் மாதிரியே 2 போடாதவர்களும் நினைத்திருப்பார்கள் என்று சத்தியம் பண்ண முடியாது. இது வெறும் விகிதக் கணக்கு. ஆனாலும் ஒன்று தெரிகிறது. விருப்பு வாக்கை மக்கள் முழுதாகப் பயன்படுத்துவது தோற்றவருக்கு மட்டும் உதவுகிற காரியம் இல்லை. வென்றவருக்கே அது பெரிய பலம். "பாதி நாடு உன்னை ஏற்கவில்லை" என்ற பேச்சை அது அடியோடு எடுத்துவிடும்.

அப்படியானால் ஏன் நூற்றுக்கு எட்டுப் பேர்தான்? மக்களுக்கு அறிவில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் பெரியம்மாவைச் சொல்கிறேன். 80 வயது தாண்டியவர், ஒரு தேர்தலையும் விட்டவர் இல்லை. வாக்களிப்புக்கு இரண்டு நாளைக்கு முன் விறாந்தையில் இருந்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டங்கள் கீறி, "எப்படிப் போடப்போறீங்கள், போட்டுக் காட்டுங்கோ" என்றேன். பெயர் ஒன்றும் எழுதவில்லை. மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம் என்றுதான் எழுதியிருந்தேன். பேனையை வாங்கி மூன்று பழத்துக்கும் மூன்று புள்ளடி போட்டார். "விருப்பு வாக்கு மூண்டு போடலாம் எண்டுதானே சொல்லுறாங்கள்?"

அவர் சொன்னது பிழையே இல்லை, வேறு தேர்தலுக்கு. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதற்குக் கீழே வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்குப் புள்ளடி. அதற்கும் பெயர் விருப்பு வாக்குத்தான். அங்கே மூன்றும் சரிசமம், முதல் இரண்டாம் என்று கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில் மூன்று புள்ளடி போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடிதான். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் ஒரே மனிதரை மூன்று விதமாகச் சீட்டில் அடையாளமிடச் சொன்னோம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 1 இலட்சத்து 35 ஆயிரம், 1 வீதம். 2024இல் அது 3 இலட்சத்து 300, 2.2 வீதம். அதே நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 6 இலட்சத்து 67 ஆயிரம். வரிசையில் நின்று, விரலில் மை பூசி, வீட்டுக்குப் போனவர்களின் வாக்குகள் அவை. நிராகரிக்கப்படும் சீட்டுகளைப் பற்றி யாராவது லேசாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்காது.

முதல் திருத்தத்துக்கு அரசியலமைப்பைத் தொடவே தேவையில்லை. பெயரைப் பிரியுங்கள். பாராளுமன்றத் தேர்தலில் இருப்பது விருப்பு வாக்கு என்றால், ஜனாதிபதித் தேர்தலில் இருப்பதை வரிசை வாக்கு என்றோ தெரிவு வரிசை என்றோ சொல்லுங்கள். இப்போது சட்டத்தில் ஒரு புள்ளடி மட்டும் போட்டாலும் அது 1 என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்தச் சலுகையை எடுக்கக் கூடாது, ஏனென்றால் எடுத்தால் நிராகரிப்பு இன்னும் கூடும். ஆனால் மாதிரிச் சீட்டு, தொலைக்காட்சி விளக்கம், பாடசாலைக் குடியியல் பாடம் எல்லாவற்றிலும் 1, 2, 3 என்பதையே முதலில் காட்ட வேண்டும். பெரியம்மாவுக்கு ஐந்து நிமிடம் ஆனது. "மாம்பழம் முடிஞ்சுபோச்செண்டா பலாப்பழம் தா எண்டு கடைக்காரனிட்ட சொல்லுற மாதிரி" என்று அவரே எனக்குத் திருப்பி விளக்கினார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் கேட்கவில்லை.

கட்சிகளின் பங்கும் இதில் பெரிது. மேடையில் எந்தப் பிரதான வேட்பாளரும் "எனக்கு 1, இன்னாருக்கு 2" என்று துணிந்து சொல்லவில்லை. சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். அயர்லாந்தில் இந்தப் பயம் இல்லை. அங்கே ஜனாதிபதியை இதே மாதிரி 1, 2, 3 போட்டுத்தான் தெரிவுசெய்கிறார்கள். 1990இல் மூன்று பேர் போட்டி. முதல் எண்ணிக்கையில் பிரையன் லெனிஹன் 44 வீதத்தோடு முன்னிலை, மேரி ராபின்சன் 39 வீதத்தோடு இரண்டாமிடம், ஒஸ்டின் கரி 17 வீதத்தோடு கடைசி. கரி நீக்கப்பட்டார். அவருடைய 2,67,902 வாக்குகளில் 2,05,565 ராபின்சனுக்கும் 36,789 லெனிஹனுக்கும் போயின. நின்றுபோனவை 25 ஆயிரத்துச் சொச்சம்தான். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு சீட்டு அடுத்தவருக்குப் போனது. எங்களிடம் நூற்றுக்கு எட்டு. பின்னால் நின்ற ராபின்சன் வென்று அயர்லாந்தின் முதல் பெண் ஜனாதிபதி ஆனார். கரியின் கட்சி தன் ஆட்களிடம் இரண்டாவதை ராபின்சனுக்குப் போடும்படி வெளிப்படையாகவே கேட்டிருந்தது. அங்கே அது சாதாரணமான தேர்தல் பேச்சு.

பக்கத்து நாட்டிலும் இது நடந்திருக்கிறது. இந்தியாவில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை, மக்கள் பிரதிநிதிகள்தான் வாக்களிக்கிறார்கள். ஆனால் சீட்டு அதே 1, 2, 3 சீட்டுத்தான். 1969இல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் பாதியை எட்டாமல், மற்றவர்களின் இரண்டாவது தெரிவோடுதான் பாதியைத் தாண்டி நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார்.

அடுத்தது எண்ணும் விதம். இதில்தான் 94ஆம் உறுப்புரையைத் திருத்த வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது முதல் இருவரைத் தவிர எல்லாரையும் ஒரேயடியாக வெளியே அனுப்புகிறோம். அயர்லாந்தில் கீழே இருந்து மேலே ஒவ்வொருவராக நீக்குகிறார்கள். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. 2002இல் பிரான்சில் நடந்ததைப் பாருங்கள். 16 பேர் போட்டி. ஜாக் சிராக் 19.88 வீதம், ஜான்-மரி லெ பென் 16.86 வீதம், லியோனல் ஜொஸ்பன் 16.18 வீதம். இடதுசாரி வாக்குகள் பல சின்ன வேட்பாளர்களிடம் சிதறியதால் ஜொஸ்பன் ஏறக்குறைய 1 இலட்சத்து 95 ஆயிரம் வாக்கில் மூன்றாமிடத்துக்குப் போனார். அந்தச் சின்ன வேட்பாளர்களில் கிறிஸ்டியான் தொபிரா ஒருவரே 6 இலட்சத்து 60 ஆயிரம் எடுத்திருந்தார். இரண்டாம் சுற்றில் சிராக்கும் லெ பென்னும் மட்டும். சிராக் 82 வீதம் எடுத்தார். அந்த 82இல் எத்தனை பேர் மனம் ஒப்பாமல் போட்டிருப்பார்கள்! எங்கள் முறையும் அந்த இடத்தில் அதே பிழையைத்தான் செய்யும். மூன்றாமிடத்தில் வருகிறவருக்கு எழும்ப வாய்ப்பே இல்லை. கீழே இருந்து ஒவ்வொருவராக நீக்கினால், சிதறிய வாக்குகள் ஒன்றுசேர்ந்து மூன்றாமவர் இரண்டாமவரைத் தாண்ட முடியும்.

அதோடு 3இல் நிறுத்தாமல், விரும்புகிறவர் விரும்பியவரை வரிசைப்படுத்த விட வேண்டும். 38 பேர் உள்ள சீட்டில் மூன்றே மூன்று தெரிவு என்பது, கடைசி இருவரில் ஒருவர் அதற்குள் வந்தால்தான் உதவும். கட்டாயப்படுத்தக் கூடாது. 1 மட்டும் போட்டவரின் சீட்டும் செல்லுபடியாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: எண்ணுவதற்கு நேரம் எடுக்கும். உண்மைதான். 36 பேரை ஒவ்வொருவராக நீக்குவது வாக்கெண்ணும் நிலையங்களில் கஷ்டமான வேலை. ஆனால் 2024இல் கடைசி 30 பேருக்கும் மேல் எடுத்தது மிகச் சொற்பம். எல்லாரையும் கூட்டினாலும் அடுத்தவரைத் தாண்ட முடியாது என்று கணக்கில் தெளிவாக இருந்தால், அவர்களைக் கூட்டமாக நீக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம். வேலை மூன்று நான்கு சுற்றுக்கு இறங்கிவிடும்.

சீட்டின் நீளத்தையும் குறைக்க வேண்டும். 1988இல் மூன்று பேர்தான் போட்டி. 1999இல் 13. 2010இல் 22. 2019இல் 35. பிறகு 38. எல்லாரும் ஜனாதிபதியாக வருவோம் என்று நினைத்து வருகிறவர்கள் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். பெரிய வேட்பாளருக்காக இறக்கப்படும் டம்மி வேட்பாளர்கள், அவர்கள் மூலம் கிடைக்கும் இலவச ஒளிபரப்பு நேரம், வாக்கெண்ணும் நிலையத்தில் கூடுதல் முகவர்கள் என்று பல காரணம். கட்சி வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 50 ஆயிரம் ரூபாய், சுயேச்சைக்கு 75 ஆயிரம். அதைப் பல இலட்சமாக ஏற்றினால் போதும் என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. காசு உள்ள டம்மி வருவான், காசில்லாத நேர்மையானவன் வரமாட்டான். அதைவிட, பல மாவட்டங்களில் இருந்து இத்தனை ஆயிரம் வாக்காளரின் கையொப்பம் வேண்டும் என்று வைக்கலாம். அது உழைப்பு, காசு இல்லை. சுயேச்சையாக நிற்க முன்னாள் அல்லது இந்நாள் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற இன்றைய நிபந்தனையையும் அப்போது எடுத்துவிடலாம்.

சரி, மருமகனின் இரண்டாவது கேள்வி: இரண்டாம் சுற்று. நான் அதற்கு எதிர். செலவு ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் அதுவல்ல. இரண்டு வாக்களிப்புக்கும் இடையே வரும் அந்த இரண்டு கிழமையை நினைத்துப் பாருங்கள். முதல் சுற்றில் எந்த மாவட்டம் யாருக்குப் போட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். "வடக்கு அவருக்குப் போட்டுவிட்டது, அதனால் தெற்கு இவருக்குப் போட வேண்டும்" என்று தொடங்கினால் அந்த இரண்டு கிழமையில் என்ன பேச்செல்லாம் வரும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019இல் யாழ். மாவட்டத்தில் கோட்டாபய ராஜபக்சவுக்கு 6 வீதம், சஜித்துக்கு 83 வீதத்துக்கும் மேல். நாடு முழுவதும் கோட்டாபய 52 வீதம். அப்படிப் பிளவுபட்ட நாட்டில் அந்த இடைவெளி ஆபத்தானது. 1, 2, 3 போடும்போது அந்த இடைவெளியே இல்லை. மற்றவர் எப்படிப் போட்டார் என்று தெரியாமல், ஒரே நாளில், ஒரே சீட்டில், உன் மனதில் உள்ள வரிசையைச் சொல்லிவிட்டு வருகிறாய்.

தமிழ் வாக்காளருக்கு இந்த முறையில் ஒரு தனி நன்மையும் உண்டு. 1982இல் குமார் பொன்னம்பலம் நின்றபோதும், 2024இல் அரியநேத்திரன் நின்றபோதும் எழுந்த வாதம் ஒன்றுதான்: எங்கள் கோரிக்கையைச் சொல்ல ஒருவருக்கு வாக்குப் போட்டால், ஆளப்போகிறவரைத் தெரிவுசெய்யும் உரிமை வீணாகிவிடாதா? 1 அவருக்கு, 2 ஆளத் தகுதியானவருக்கு என்றால் வீணாகாது. இரண்டையும் சொல்லலாம். 2024இல் யாழ். மாவட்டத்தில் சஜித்துக்கு 1 இலட்சத்து 21 ஆயிரம், அரியநேத்திரனுக்கு 1 இலட்சத்து 16 ஆயிரம், ரணிலுக்கு 84 ஆயிரம். அரியநேத்திரன், ரணில் இருவரின் சீட்டுகள் மட்டும் இரண்டு இலட்சம். அத்தனையும் இரண்டாவது எண்ணிக்கைக்குப் போகத் தகுதியான சீட்டுகள். அவற்றில் 2 நிறைந்திருந்தால் அடுத்த தேர்தலில் தெற்கில் இருந்து வருகிற வேட்பாளர் "உங்கள் ஆளுக்கு 1 போடுங்கள், எனக்கு 2 தாருங்கள்" என்று கேட்க வாசலுக்கு வந்தே ஆக வேண்டும்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பெரும்பான்மைச் சமூகத்தின் வாக்கு மட்டும் ஒன்று திரண்டாலே பாதியைத் தாண்ட முடியும் என்று 2019 காட்டிவிட்டது. அப்போது எங்கள் 2க்கு வேலை வராது. 2005ஐ எந்த எண்ணும் முறையும் காப்பாற்றியிருக்காது. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தது 1.21 வீதம் பேர்தான். சீட்டு பெட்டிக்குள் விழாவிட்டால் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? கென்யாவில் மொத்தத்தில் பாதிக்கு மேல் எடுப்பதோடு, 47 மாவட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குறைந்தது 25 வீதமும் எடுக்க வேண்டும் என்று சட்டம். அதை இங்கே கொண்டுவரச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் எங்கள் 22 தேர்தல் மாவட்டங்களில் வடக்கு கிழக்குக்கு உரியவை ஐந்துதான். மற்ற 17இல் இருந்தே பாதியைத் தாண்டிவிடலாம். பார்க்க அழகான நிபந்தனை, எங்களுக்குப் பயன்படாது.

அப்புறம், வெற்றிடம் வந்தால் என்ன செய்வது என்பதையும் திருத்த வேண்டும். 2022 ஜூலையில் கோட்டாபய பதவி விலகியதும் ரணில் விக்கிரமசிங்கவைப் பாராளுமன்றம் 134 வாக்குகளால் தெரிவுசெய்தது. சட்டப்படி சரிதான். ஆனால் அவர் இரண்டு வருடத்துக்கும் மேல் மக்களிடம் ஒரு வாக்கும் கேட்காமல் முழு நிறைவேற்று அதிகாரத்தோடு ஆண்டார். அவரின் நல்லது கெட்டது வேறு கதை. மக்கள் நேரடியாகக் கொடுக்கும் அதிகாரத்தை 134 பேர் கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பதவிக்காலம் மிஞ்சியிருந்தால் சில மாதத்துக்குள் மக்கள் தேர்தல் என்று இருக்க வேண்டும். அதுவரை பதில் ஜனாதிபதி போதும்.

மூன்றாவது கேள்வி: ஜனாதிபதி முறையையே எடுப்பது. எடுத்தால் நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். 1994இல் சந்திரிகா குமாரதுங்க 1995 நடுப்பகுதிக்குள் எடுப்பேன் என்றார். 2015இல் மைத்திரிபால சிறிசேன அதே வாக்குறுதியோடு வந்தார். 19ஆம் திருத்தம் அதிகாரத்தைக் குறைத்தது, பதவிக்காலத்தை ஆறு வருடத்தில் இருந்து ஐந்தாக்கியது. ஆனால் ஆசனம் அப்படியே இருக்கிறது. இன்றைய அரசாங்கத்தின் விஞ்ஞாபனத்திலும் அந்த வாக்குறுதி உண்டு. முழுதாக எடுக்கப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்பதே பொதுவான சட்டக் கருத்து. நடந்தால் மகிழ்ச்சி. ஆனால் அது நடக்கும் என்று காத்திருந்து, இருக்கிற முறையைத் திருத்தாமல் விட்டே முப்பது வருடம் போய்விட்டது.

94ஆம் உறுப்புரை, சர்வஜன வாக்கெடுப்பு கட்டாயம் என்று 83ஆம் உறுப்புரை பட்டியலிட்டவற்றில் இல்லை. வாக்குரிமையைக் குறைக்காத திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு போதும் என்று வாதிட இடமுண்டு. கடைசி வார்த்தை உயர் நீதிமன்றத்துடையது. மூன்றில் இரண்டு என்பது 150. 2024 நவம்பரில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி எடுத்தது 159 ஆசனம். எதிர்க்கட்சியின் தயவுகூடத் தேவையில்லை. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல். மக்கள் பழக வேண்டுமானால் அதற்கு இரண்டு வருடமாவது முன்னர் சட்டம் வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் தொலைபேசியில் ஒரு தரம் சுருக்கமாகச் சொன்னபோது மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, நான் 1 மட்டும்தான் போட்டனான். பிழையோ?" என்றான். பிழை இல்லை, உன் சீட்டு செல்லுபடியான சீட்டுத்தான் என்றேன். யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முதல் இருவரில் ஒருவருக்குப் போட்டிருந்தால் 2 போடாததால் ஒரு நட்டமும் இல்லை. மற்றவர்களில் ஒருவருக்குப் போட்டிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒதுக்கி வைக்கப்பட்ட 30 இலட்சம் சீட்டுகளில் ஒன்று அவனுடையது.